முதல் போன்சாய் மரம்: கடன் வாங்குவதற்கு முன் ஒரு கன்றைக் காப்பாற்றிப் பார்ப்போம்



சமீப மாதங்களில் நாங்கள் போகிற குழுக் கூட்டங்களில் எல்லாம் ஒரு கேள்வி வருகிறது. சேமிப்பு வசூல் முடிந்து, உள்கடன் பேசி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். "மேடம், போன்சாய் மரம் வளர்த்தா ஒரு மரம் ஆயிரம், ரெண்டாயிரம்னு போகுதாமே. நம்ம குழுவுல செய்யலாமா?"

செய்யலாமா வேண்டாமா என்று சொல்வதற்கு முன்னால், நம் கூட்டமைப்பிலேயே நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். குழுவின் பெயர் வேண்டாம். அந்த உறுப்பினர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறோம்.

ஐந்து பேர். பக்கத்து நகரத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்கு நாங்கள்தான் வேன் வைத்து அழைத்துப் போனோம். அங்கே ஒரு கடையில் குட்டி குட்டி மரங்கள். அடி தடித்து, மேலே பச்சைப் பசேல் என்று இலை, பளபளக்கும் பீங்கான் தொட்டி, தொட்டி மேல் வெள்ளைக் கூழாங்கல். ஒரு மரம் 1,500 ரூபாய். "ஒரு வருஷம் வச்சிருந்தா இரண்டு மடங்கு விலைக்குப் போகும்" என்று கடைக்காரர் சொன்னார். நாங்களும் பக்கத்தில்தான் நின்றோம், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் ஆளுக்கு 3,000 ரூபாய் உள்கடன் எடுத்து, ஆளுக்கு இரண்டு மரம் வாங்கினார்கள். மொத்தம் 10 மரம், 15,000 ரூபாய். மூன்றாவது தவணை கட்டும்போது எட்டு மரம் செத்துப்போயிருந்தது. மரம் போன பிறகும் மீதி ஏழு தவணையை அவர்கள் கட்டித்தான் முடித்தார்கள்.

இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆடு வாங்கக் கடன் கேட்டால் கொட்டகை இருக்கா, தீவனத்துக்கு என்ன வழி, ஆட்டைப் பார்க்க ஆள் யார் என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம். மரத்துக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செடிதானே, தண்ணி ஊத்தினா வளரும் என்று நினைத்துவிட்டோம்.

செத்த மரங்களைத் தொட்டியோடு கொண்டுவரச் சொல்லி, கவிழ்த்துத் தட்டிப் பார்த்தோம். அப்போதுதான் பாதி விஷயம் புரிந்தது. ஒரு தொட்டிக்குள் மண் செங்கல் மாதிரி காய்ந்து கிடந்தது. "தினமும் தண்ணி ஊத்தினேனே" என்று அந்த அக்கா சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மைதான். மேலே இருந்த வெள்ளைக் கூழாங்கல் அழகுக்காகப் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஊற்றின தண்ணீர் கல் மேலேயே ஓடி ஓரமாக வழிந்துவிட்டது, உள்ளே இறங்கவே இல்லை. இன்னொரு தொட்டியைக் கவிழ்த்தால் சாக்கடை நாற்றம். அதன் அடியில் ஓட்டையே கிடையாது. வேர் எல்லாம் கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து வந்தது. ஒரே கடை, ஒரே நாள் வாங்கியது. ஒன்று தாகத்தில் செத்தது, ஒன்று தண்ணீரில் மூழ்கிச் செத்தது. இரண்டு வீட்டிலும் மரம் டி.வி. ஸ்டாண்டு மேலேதான் இருந்தது.

பிழைத்த இரண்டு மரமும் ஒரே உறுப்பினருடையது. அவர் வீட்டில் டி.வி. ஸ்டாண்டும் இல்லை, ஷோகேஸும் இல்லை. வைக்க இடமில்லாமல் வெளியே துணி துவைக்கிற கல் பக்கத்தில் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளை விளையாடும்போது அந்தக் கூழாங்கல்லைப் பேர்த்து எடுத்துவிட்டான். காலை வெயில், துவைக்கும்போது தெறிக்கிற நல்ல தண்ணீர், காற்று. அந்த மரங்களுக்கு வேண்டியது எல்லாம் தற்செயலாகக் கிடைத்துவிட்டது.

போன்சாய் என்றால் என்ன

இது தனி ஜாதி மரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஊசி போட்டுக் குள்ளமாக்குகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை. போன்சாய் என்பது ஜப்பானியச் சொல். தட்டில் நட்டது என்று அர்த்தம். அவர்களுக்கு முன்பே சீனாவில் இந்தக் கலை இருந்தது. ஊரில் இருக்கிற அதே ஆலமரம், அதே புளியமரம்தான். ஆழமில்லாத தொட்டியில் வைத்து, கிளையையும் வேரையும் அளவோடு வெட்டி வெட்டிச் சின்னதாகவே வைத்திருக்கிறார்கள். அதே மரத்தைக் கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில் நட்டால் பெரிய மரமாகிவிடும்.

"மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குறது பாவமில்லையா? வீட்டுல வச்சா குடும்பமும் வளராமப் போயிடும்னு சொல்றாங்களே?" இதையும் கேட்டார்கள். கேட்டவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நியாயமான பயம்தான். ஆனால் பட்டினி போட்ட மரம் போன்சாய் ஆகாது, செத்துத்தான் போகும். தரையில் நிற்கிற மரத்தைவிட இதற்குத்தான் வேளாவேளைக்குத் தண்ணீரும் உரமும் தேவை. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் மரம் தொட்டியில் இருக்கிறது. 1625-இல் இருந்து தொட்டியில் வளர்ந்து வருவதாகக் கணக்கு. 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்த ஊரில் யமாகி என்ற குடும்பத்தின் தோட்டத்தில், மதில் சுவருக்குப் பின்னால் இருந்து தப்பித்த மரம் அது. 1976-இல் அந்தக் குடும்பத்தார் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அப்பா, மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் ஊற்றாமல் ஒரு தொட்டி மரம் இத்தனை வருஷம் இருக்க முடியுமா? குடும்பம் வளர்ந்ததால்தான் மரமும் இருந்தது. அதற்கு மேலும் மனசு ஒப்பவில்லை என்றால் வளர்க்க வேண்டாம், கட்டாயம் ஒன்றும் இல்லை.

முதல் மரத்துக்குக் காசு வேண்டாம்

எங்கள் கருத்து இதுதான். முதல் மரத்தைக் கடையில் வாங்காதீர்கள். நம் ஊரிலேயே சும்மா கிடைக்கிறது.

மழைக்காலம் முடிந்ததும் ஊரைச் சுற்றிப் பாருங்கள். பாழுங்கிணற்றுச் சுவர், வாய்க்கால் மதகு, பழைய பள்ளிக்கூடக் கட்டடம், நம் வீட்டுச் சன்ஷேடு எல்லா இடத்திலும் ஆலங்கன்று, அரசங்கன்று முளைத்திருக்கும். பறவைகள் பழத்தைத் தின்றுவிட்டுப் போகிற இடத்தில் எல்லாம் அது முளைக்கும். விட்டால் சுவரைப் பிளந்துவிடும். எப்படியும் ஒருநாள் பிடுங்கி எறியப்போகிற கன்றுதான். கோயில் சுவர், பஞ்சாயத்துக் கட்டடம் என்றால் மட்டும் பொறுப்பில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கிணற்றுச் சுவரில் உள்ளே எட்டி எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

நல்ல மழை பெய்த மறுநாள் எடுப்பது சுலபம், சுவர் ஊறியிருக்கும். அடித்தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டி இழுத்தால் கொஞ்சம் வேரோடு வரும். முழு வேரும் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஆல், அரசு, இச்சி வகை மரங்கள் கொஞ்சம் வேர் இருந்தாலே திரும்பப் பிடித்துக்கொள்ளும். முதல் மரத்துக்கு இவற்றைச் சொல்வதற்குக் காரணமே இந்த உயிர்ப்பிடிப்புதான். நாம் செய்கிற தப்பையெல்லாம் தாங்கிக்கொள்ளும். எடுத்த உடனே வேரை ஈரத்துணியில் சுற்றிவிடுங்கள். இலைகளில் பாதியைக் கிள்ளிவிடுங்கள். வேர் குறைந்துபோன கன்றால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது.

இதில் எது நல்லது என்று கேட்டால், பார்க்க அழகாக அமைவது இச்சி. சில ஊரில் கல்லிச்சி என்பார்கள். இலை சின்னது, அதனால் சின்ன மரத்திலேயே பெரிய மரத்தின் தோற்றம் வந்துவிடும். சுவரில் கிடைக்காவிட்டால் நர்சரியில் சாதாரணச் செடியாகக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கலாம். 'போன்சாய்' என்று சொல்லிக் கேட்காதீர்கள், விலை ஏறிவிடும். அரசுக்கும் ஆலுக்கும் இலை பெரிது. தொட்டியில் கொஞ்சம் சிறுத்தாலும் சின்ன மரத்துக்குப் பொருத்தமாக வர நாளாகும். ஆனால் பழகுவதற்கு எதுவும் போதும். புளியங்கொட்டை போட்டும் ஆரம்பிக்கலாம். மெதுவாகத்தான் வரும், ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. மா, எலுமிச்சை, கொய்யா எல்லாம் இரண்டாவது மரமாக இருக்கட்டும்.

கண்காட்சியில் நம் உறுப்பினர்கள் வாங்கினதும் இச்சி வகைதான் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடியில் கிழங்கு மாதிரி உப்பின வேரோடு, 'ஜின்செங்' என்று பெயர் சொல்லி விற்பார்கள். வேரைத் தடிக்க வைத்து, மேலே சின்ன இலை வகையை ஒட்டுக்கட்டுவார்கள். கெட்ட மரம் இல்லை. ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்கள் முதல் வேலையாக ஒட்டின கல்லைப் பேர்த்து எடுங்கள், தொட்டியைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே தடித்த வேரில் இருந்து பெரிய இலையோடு கிளம்புகிற தளிரை அப்போதைக்கப்போது கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது வளர்ந்து மேலே இருப்பதைப் பின்தள்ளிவிடும்.

கன்று எடுத்த உடனே தட்டுத் தொட்டியில் வைத்துவிட வேண்டும் என்ற ஆசை வரும். வேண்டாம். முதல் ஒரு வருஷம் சாதாரண மண் தொட்டி, உடைந்த பிளாஸ்டிக் வாளி, பெயிண்ட் டப்பா எது இருந்தாலும் சரி. அடியில் நாலைந்து ஓட்டை மட்டும் இருக்க வேண்டும். ஓட்டை மேல் ஒரு துண்டு கொசுவலை போட்டால் மண் வெளியேறாது. புதுக் கன்றை இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்து, புதுத்துளிர் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்துங்கள்.

மண் கலவை

வெறும் செம்மண் போட்டால் இரண்டு மாதத்தில் இறுகிப்போகும். களிமண் கூடவே கூடாது. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, உடைத்த செங்கல் துண்டு இரண்டு பங்கு. இதுதான் எங்களுக்குச் சரியாக வந்த கணக்கு. செங்கல் துண்டு உளுந்துக்குப் பெரிதாக, கொண்டைக்கடலைக்குச் சின்னதாக இருக்கட்டும். பழைய ஓட்டுத் துண்டையும் உடைத்துப் போடலாம், சிமெண்டு ஒட்டியிருந்தால் வேண்டாம். மாவு சலிக்கிற மாதிரி சலித்துத் தூசியைக் கழித்துவிடுவது முக்கியம். அந்தத் தூசிதான் அடியில் போய்ப் படிந்து ஓட்டையை அடைத்துவிடுகிறது. (வீட்டு மாவுச் சல்லடையை இதற்கு எடுத்து மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. தனிச் சல்லடை வைத்துக்கொள்ளுங்கள்.)

வைக்கிற இடம்

மரம் வெளியில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் நமக்குக் கண் தெரியும், மரத்துக்குச் சாப்பாடு ஆகாது. காலை வெயில் நாலைந்து மணி நேரம் விழுகிற இடம் நல்லது. விருந்தாளி வரும்போது கொண்டுபோய் மேசை மேல் வையுங்கள். ஒருநாள், இரண்டு நாள் இருக்கட்டும், பிறகு வெளியே.

சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தளம் அடுப்பு மாதிரி சுடும். தொட்டியை நேராகத் தளத்தில் வைத்தால் வேர் வெந்துவிடும். இரண்டு செங்கல் மேல் பலகை போட்டு அதன் மேல் வைக்க வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற பக்கமாக நகர்த்திவிடலாம்.

தண்ணீர்

இனிமேல் சொல்லப்போவது ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்தாலும் போதும். மற்றது எல்லாம் போகப் போகத் தெரிந்துகொள்ளலாம்.

"ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் ஊத்தணும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் கிடையாது. இன்றைக்கு வெயில் எப்படி, காற்று எப்படி, தொட்டி எவ்வளவு ஆழம், இலை எத்தனை இருக்கிறது, எல்லாவற்றையும் பொறுத்தது. தினமும் காலையில் விரலை மண்ணில் அரை அங்குலம் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். சாயங்காலம் திரும்பப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். இட்லிப் பானையில் தண்ணீர் இருக்கா என்று மூடியைத் திறந்து பார்க்கிறோமே, மணி பார்த்தா ஊற்றுகிறோம்? அது மாதிரிதான்.

ஊற்றும்போது அரை டம்ளர் தெளிக்கிற வேலை வேண்டாம். அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வருகிற வரை ஊற்ற வேண்டும். வந்ததும் ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை ஊற்றுவது நல்லது. முதல் தடவை ஊற்றினது ஓரமாக இறங்கிவிட்டிருக்கும், இரண்டாம் தடவைதான் நடுவில் ஊறும். மேல் மண் மட்டும் நனைந்து, அடிமண் காய்ந்து கிடந்து செத்த மரங்கள்தான் எங்களுக்கு அதிகம் வருகின்றன. மண் ரொம்பக் காய்ந்து தண்ணீரை உறிஞ்சவே மறுத்தால், தொட்டியோடு ஒரு தாம்பாளத் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள். ஆனால் தாம்பாளத்தில் நிரந்தரமாகத் தண்ணீர் நிற்க விடக் கூடாது. வேர் அழுகும், கொசுவும் முட்டை போடும்.

கோடையில் இரண்டு வேளையும் தேவைப்படும். தட்டுத் தொட்டியாக இருந்தால் நிச்சயம் தேவைப்படும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நேர்மாறு. நாம் ஊற்றவே வேண்டாம், ஊற்றுகிற மழையை வடிய வைப்பதுதான் வேலை. தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒரு சில்லு வைத்துச் சாய்த்துவிட்டால் தண்ணீர் தங்காது.

நம் பகுதியில் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. சில மாதத்தில் மண் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பொரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இலை நுனியும் கருகும். அந்த உப்பு வேரைத் தின்றுவிடும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றலாம், குடிதண்ணீர் வருகிற நாளில் மரத்துக்கும் ஒரு செம்பு ஒதுக்கலாம். எதுவும் முடியாவிட்டால் மழை பெய்யும்போது தொட்டியை நனையவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். குடிக்கவே தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற ஊரில் இந்த வேலையே வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் போகும்போதே விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் யாரிடம் ஒப்படைப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். "தண்ணி ஊத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் பாசத்தில் தினம் ஒரு குடம் ஊற்றுவார்கள். விரல் வைத்துப் பார்ப்பதையும் காட்டிக்கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டு நாள் என்றால் நிழலில் வைத்து, தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்குப் போட்டுவிட்டுப் போகலாம்.

இலை கொட்டினால்

இடம் மாற்றினாலே இந்த மரங்கள் இலையைக் கொட்டும். அரசு என்றால் பங்குனியை ஒட்டி இயல்பாகவே கொட்டிவிட்டுத் துளிர்க்கும். இதைப் பார்த்துப் பயந்து தண்ணீரை இரண்டு மடங்காக ஊற்றுகிறோம். இலையே இல்லாத மரம் தண்ணீரை இழுக்காது. ஊற்றின தண்ணீர் தேங்கி, பிழைக்க வேண்டிய மரம் அழுகிவிடுகிறது. நகத்தால் கிளைத் தோலை இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பொறுத்திருக்கலாம். பழுப்பாகக் காய்ந்திருந்தால் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள். அடித்தண்டிலும் பச்சை இல்லை என்றால்தான் போய்விட்டது என்று அர்த்தம். அந்த எட்டு மரத்தில் ஒன்றிரண்டு உயிரோடு இருக்கும்போதே குப்பைக்குப் போயிருக்குமோ என்று எங்களுக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது.

வெட்டுவதும் கம்பி கட்டுவதும்

எல்லோருக்கும் ஆசை இதில்தான். ஆனால் முதல் வருஷம் இது கொஞ்சம் போதும். கிளையில் ஆறேழு இலை வந்ததும் முதல் இரண்டு மூன்று இலையை வைத்துக்கொண்டு மேலே வெட்டிவிட்டால், வெட்டின இடத்துக்குக் கீழே புதுக்கிளை பிரியும். இப்படி வெட்ட வெட்டத்தான் மரம் அடர்த்தியாகும். அடித்தண்டு பருக்க வேண்டும் என்றால் ஒரு கிளையை வெட்டாமல் நீளமாக ஓடவிட வேண்டும். வெட்டினால் பால் வரும், தானாக நின்றுவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிலருக்குத் தோலில் அரிப்பு வரும். பெரிய வெட்டாக இருந்தால் மஞ்சள் தூளைக் குழைத்து அப்பும் பழக்கம் நம் பக்கம் உண்டு.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றுவார்கள். கம்பி கட்டினால் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த மரங்கள் வேகமாகப் பருக்கும், கம்பி தோலில் பதிந்துவிட்டால் தழும்பு பல வருஷத்துக்குப் போகாது. கழற்றும்போது சுற்றிப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சணல் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கிளையில் தொங்கவிடுவதே போதும் என்பது எங்கள் அனுபவம்.

தட்டுத் தொட்டிக்கு மாற்றுவது ஒரு வருஷம் கழித்து, ஆடி ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். கீழ்நோக்கிப் போகிற தடித்த வேரைக் குறைத்து, சல்லி வேரை விட்டுவிட்டு, மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வெட்ட வேண்டும். வேர் வெட்டின அன்றைக்கே கிளையையும் வெட்டி, கம்பியும் கட்டி, உரமும் போடக் கூடாது. ஆபரேஷன் ஆனவருக்கு அன்றைக்கே விருந்து வைப்போமா? ஒரு மாதம் போகட்டும். அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இதே வேலைதான். விலையுயர்ந்த பீங்கான் தொட்டி வேண்டாம். மண்பாண்டம் செய்கிறவரிடம் சொன்னால் ஓட்டையோடு தட்டு செய்து தருவார், அவருக்கும் ஒரு வியாபாரம்.

உரம் அதிகம் பேச வேண்டியதில்லை. துளிர்க்கிற காலத்தில் மாதம் ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரம் போதும். பச்சைச் சாணியைப் போடாதீர்கள், வேர் வெந்துவிடும். இலைக்கடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்கால நேரத்தில் தெளிக்கலாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தெளியுங்கள்.

பணம்

விற்கிற அளவுக்கு ஒரு மரம் உருவாகக் குறைந்தது நாலைந்து வருஷம் ஆகும். அடி பருத்து, வேர் விரிந்து, கிளை அமைய அவ்வளவு காலம் வேண்டும். அதற்கு முன்னால் விற்பது எல்லாம் தொட்டிச் செடிதான், அதற்குத் தொட்டிச் செடி விலைதான் கிடைக்கும். பத்து மாதத் தவணைக் கடனுக்கு ஐந்து வருஷ மரம் எப்படிப் பொருந்தும்? இந்த ஒரு கணக்கை அன்றைக்குக் கண்காட்சி வாசலில் நின்றே போட்டிருக்கலாம்.

அதனால் எங்கள் களப்பணியாளர் கூட்டத்தில் ஒன்று முடிவு செய்து கூட்டமைப்புக்குச் சொல்லியிருக்கிறோம். போன்சாய்க்கு என்று உள்கடன் கேட்டு வருகிறவர், தானே எடுத்து வளர்த்த ஒரு கன்றை ஒரு கத்திரி வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் தாண்டிக் காப்பாற்றியிருக்க வேண்டும். அந்த மரத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டட்டும். அதன் பிறகு நர்சரியாகச் செய்வதா, தொட்டிச் செடி வியாபாரமா, எங்கே விற்பது என்று உட்கார்ந்து பேசலாம். இது கடன் கொடுக்காமல் இருப்பதற்கான சாக்கு என்று ஒரு குழுவில் கோபித்துக்கொண்டார்கள். தவணை கட்டின அந்த ஐந்து பேரில் மூன்று பேர் அந்தக் கூட்டத்துக்கு வந்து பதில் சொன்னார்கள், நாங்கள் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மூன்று பேரும் இப்போது சுவரில் எடுத்த கன்று வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய அரசங்கன்று ஒரு கோடையைத் தாண்டிவிட்டது. துவைக்கிற கல் பக்கத்து மரம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. விற்கிறீர்களா என்று கேட்டதற்கு அந்த அம்மா, "பேரன் விடமாட்டேங்கிறான்" என்றார்.

கன்று எடுக்க விரும்புகிறவர்கள் உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். சல்லடை, கொசுவலைத் துண்டு, கம்பி வெட்டுகிற கட்டிங் பிளேயர் மூன்றும் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. எடுத்துப் போய்விட்டு மறுநாள் திருப்பிக் கொடுத்தால் போதும். ஆடு வளர்க்கிற வீட்டுக்காரர்கள் மட்டும் கன்று எடுப்பதற்கு முன் வைக்க மொட்டை மாடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆலிலை, அரசிலை என்றால் ஆட்டுக்கு உயிர். ஒரு வருஷம் வளர்த்ததை ஒரு நிமிஷத்தில் மேய்ந்துவிடும்.